கழுவிப் போடும் பில்டரா, கடதாசி பில்டரா? கொழும்பு வாகனக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் கதவு திறந்தது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்து உதிரிப்பாகங்களின் விலையை எங்கேயோ கொண்டுபோய் விட்டது. கையில் இருக்கும் வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டும் என்ற நிலையில்தான் நம்மில் பலர் இருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும், முன்பு யாரும் கவனிக்காத எயார் பில்டரைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை வாசல்களில் என் காதில் விழுந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லுங்கள். எதைப் போடுவது?

வீட்டிலிருந்து வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் சாதாரண கார் என்றால் கடதாசி பில்டர். தரமானதாக வாங்கி, நேரத்துக்கு மாற்றி, பெட்டிக்குள் சரியாக உட்கார வைத்தால் போதும். எண்ணெய் பூசிக் கழுவிப் போடும் பருத்தி பில்டர் கெட்ட பொருள் அல்ல. ஆனால் அது வாங்குகிறவரிடம் ஓர் ஒழுங்கை எதிர்பார்க்கிறது. அந்த ஒழுங்கு இல்லாதவரின் வண்டியில் அது எஞ்சினுக்குக் கெடுதலாகிவிடும்.

ஒரு பில்டருக்காக ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்? அது என்ன பெரிய வேலை செய்கிறது?

ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய, எடையில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். அளவில் சொன்னால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 9,000 லீற்றருக்கு மேல் காற்று. லீற்றருக்குப் பன்னிரண்டரைக் கிலோமீற்றர் ஓடும் ஒரு கார் 10,000 கிலோமீற்றர் ஓடி முடிக்கும்போது 7,000 கனமீற்றருக்கும் அதிகமான காற்றை இழுத்திருக்கும். பேஸ்லைன் வீதியில் பஸ் கிளப்பும் தூசி, கட்டடம் எழும்பும் ஒழுங்கைகளில் பறக்கும் சீமெந்துப் பொடி, மண் ஏற்றிப் போகும் டிப்பரின் பின்னால் வரும் புழுதி எல்லாம் அந்தக் காற்றில் இருக்கின்றன.

வீதித் தூசியில் பெரும்பகுதி மண்ணும் மணலும். மணலின் சிலிக்கா வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பெரிய துகள்கள் எந்தப் பில்டரிலும் மாட்டிக்கொள்ளும், அவற்றால் பயமில்லை. கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரோன் அளவுத் துகள்கள்தான் ஆபத்தானவை. தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைந்து இரண்டு பக்கத்தையும் தேய்க்க அந்த அளவு பொருத்தமாக இருக்கிறது. இந்தத் தேய்மானம் ஒரே நாளில் தெரியாது. சில வருடங்கள் கழித்து ஒயில் குறையத் தொடங்கும், காலையில் நீலப் புகை வரும், சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் வலுவான கம்பிரஷன் விழும். அப்போது மெக்கானிக்கும் வண்டிக்காரரும் ஒயிலின் தரத்தைக் குறை சொல்வார்கள். பில்டர் பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.

இரண்டு வகையும் தூசியைப் பிடிக்கும் விதத்தில் என்ன வேறுபாடு?

கடதாசி பில்டர் என்பது பிசின் ஏற்றிய, மடிப்பு மடிப்பாக மடித்த விசேட கடதாசி. அதன் இழைகளுக்கிடையிலான துவாரங்கள் மிகச் சிறியவை. தூசி மேற்பரப்பிலும் இழைகளுக்குள்ளும் தங்குகிறது. தங்கிய தூசியே அடுத்து வரும் தூசியைத் தடுக்கும் இன்னொரு படையாகிவிடுவதால், புதிதாகப் போட்ட நாளைவிடச் சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு கடதாசி பில்டர் இன்னும் நன்றாக வடிகட்டும். பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் உண்மை. அதற்கு விலையாக, தூசி சேரச் சேரக் காற்றுக்கு ஏற்படும் தடையும் கூடிக்கொண்டே போகும்.

பருத்தி பில்டரில் சில அடுக்குப் பருத்தி வலைத்துணி, இரண்டு பக்கமும் கம்பி வலை, துணி முழுவதும் பிசுபிசுப்பான எண்ணெய் இருக்கும். துணியின் துவாரங்கள் பெரியவை, வெறும் துணியாக இருந்தால் நுண்தூசி தாராளமாகப் புகுந்துவிடும். நெளிந்து வளைந்து போகும் காற்றிலிருந்து விலகி இழையில் மோதும் துகளைப் பிடித்து வைப்பது எண்ணெய்தான். ஆகவே எண்ணெய் காய்ந்த பருத்தி பில்டரைப் பில்டர் என்று சொல்லவே முடியாது. இந்த வகையை உலகெங்கும் பரப்பிய கே அண்ட் என் நிறுவனம் 1969இல் கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகரில், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களின் சூழலில் தொடங்கியது. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் உலகம் அது.

எண்ணெயால் தூசி பிடிப்பது அதைவிடப் பழைய யோசனை. வயல்களில் இன்றும் ஓடும் பழைய மசி பேர்குசன் உழவு இயந்திரங்களில் காற்று ஓர் எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் மோதித் திரும்பித்தான் எஞ்சினுக்குள் போகும். அதற்குப் பிறகு கடதாசி வந்தது, அதைவிட நன்றாக வடிகட்டியதால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கழுவும் பில்டரின் பெட்டியிலும் 97, 98 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கடதாசிக்கு 99 என்கிறார்கள். ஒன்றிரண்டு சதவீதம் பெரிய விடயமா?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிடித்த தூசியின் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், தப்பிப்போன தூசியைப் பாருங்கள். ஒரு பில்டர் 99.5 சதவீதம் பிடித்தால் ஆயிரம் கிராம் தூசியில் 5 கிராம் எஞ்சினுக்குள் போகிறது. இன்னொன்று 97 சதவீதம் பிடித்தால் 30 கிராம் போகிறது. பெட்டியில் பார்க்கும்போது இரண்டரை சதவீத வித்தியாசம், எஞ்சினுக்கோ ஆறு மடங்கு.

எயார் பில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ 5011 என்ற சர்வதேசத் தரமுறை இருக்கிறது. எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது, காற்றுக்கு எவ்வளவு தடை தருகிறது, நிரம்புவதற்கு முன் எவ்வளவு தூசியைத் தாங்குகிறது என்ற மூன்றையும் அதில் அளப்பார்கள். சோதனைத் தூசியிலும் நுண்ணியது, பருமனானது என்று வகைகள் உண்டு. பருமனான தூசியைப் பயன்படுத்தினால் எந்தப் பில்டருக்கும் அழகான சதவீதம் கிடைக்கும். எந்தத் தூசியால் சோதித்தார்கள் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் போட்டிருக்கும் பெட்டியை நான் நம்புவதில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். காற்றுத் தடையில் புதிய பருத்தி பில்டர் பெரும்பாலும் கடதாசியை வெல்லும். காற்றுக்கு எளிதாக வழி விடும் பொருள் தூசிக்கும் கொஞ்சம் கூடுதலாக வழி விடும், அவ்வளவுதான்.

கழுவும் பில்டர் போட்டால் பெற்றோல் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

எயார் பில்டர் விற்பனையில் அடிக்கடி கேட்கும் வாக்குறுதி இதுதான். 2022இல் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மக்களிடம் இந்த வார்த்தை இலகுவாக எடுபடும். ஆனால் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கணினிக் கட்டுப்பாட்டுடன் எரிபொருள் பீச்சும் பெற்றோல் கார்களில், பில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. முழு வேகத்தில் முடுக்கும்போது மட்டும் வண்டி மந்தமானது.

காரணம் எளிது. காற்று குறைந்தால் கணினி பெற்றோலையும் அதற்கேற்பக் குறைத்துவிடும். நீங்கள் அக்சிலரேற்றரை ஒரு மயிரளவு கூடுதலாக மிதிப்பீர்கள், கணக்கு நேராகிவிடும். தூசி மண்டி அடைத்த பில்டருக்கே நிலைமை இதுவென்றால், ஒழுங்காக இருக்கும் கடதாசியைக் கழற்றிவிட்டுப் பருத்தி போடுவதால் என்ன மிச்சம் வரப்போகிறது?

காபுரேற்றர் உள்ள பழைய வண்டிகளின் கதை வேறு. அவற்றில் காற்றுக் குறைவை ஈடுசெய்யக் கணினி இல்லை, கலவையில் பெற்றோல் கூடி வீணாகும். அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் வழிகாட்டி அத்தகைய வண்டிகளில் அடைத்த பில்டரை மாற்றினால் 2 முதல் 6 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்கிறது. அந்த மிச்சம் புதிய கடதாசி பில்டரிலும் அப்படியே கிடைக்கும்.

இழுவை கூடுமா?

காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தியிலிருந்து தெஹிவளை வரை போய்ப் பாருங்கள். எத்தனை தடவை அக்சிலரேற்றரை அடிவரை மிதித்தீர்கள்? பெற்றோல் எஞ்சினில் காற்றைத் தடுப்பது பெரும்பாலும், அக்சிலரேற்றரை மிதிக்க மிதிக்கத் திறக்கும் திரொட்டில் தகடு பாதி மூடியிருப்பதுதான், பில்டர் அல்ல. தகடு முழுதாகத் திறந்து எஞ்சின் உச்சத்தில் சுழலும்போதுதான் பில்டரின் தடை கணக்குக்கு வரும். பந்தயத் தடத்தில் அது பெறுமதியான வித்தியாசம். காற்று இழுக்கும் சத்தம் சற்றுக் கூடுவதால் வண்டி பலமாகிவிட்டது போன்ற உணர்வு சிலருக்கு வரும்.

பில்டர் எண்ணெயால் சென்சர் பழுதாகும் என்கிறார்களே, உண்மையா?

எண்ணெயை அளவாகப் பூசினால் பயப்படத் தேவையில்லை. அளவுக்கு மிஞ்சிப் பூசினால் பழுதாகலாம்.

பில்டரைத் தாண்டியதும் பல கார்களில் எயார் புளோ சென்சர் இருக்கிறது. சூடாக்கிய மெல்லிய கம்பி அல்லது தகடு ஒன்றைக் காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்பதைக் கொண்டு அது காற்றின் அளவைக் கணிக்கும். மிகையான எண்ணெய் காற்றோடு சிதறி அந்தக் கம்பியில் படிந்து, அதன்மேல் நுண்தூசியும் ஒட்டிவிட்டால் கணிப்பு பிழைக்கும். எஞ்சின் நடுங்கும், இழுவை தடுமாறும், எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேன் செய்தால் பி0171, அதாவது கலவையில் பெற்றோல் போதவில்லை என்ற குறியீடு வரக்கூடும். அந்தக் குறியீட்டுக்கு வேறு பல காரணங்களும் உண்டு என்பதால், பருத்தி பில்டர் போட்டிருக்கிறீர்கள் என்றும் கடைசியாக எப்போது எண்ணெய் பூசினீர்கள் என்றும் மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் பெற்றோல் பம்பில் தொடங்கி எல்லாவற்றையும் கழற்றுவார். சென்சரைச் சுத்தப்படுத்த அதற்கென்றே வரும் ஸ்பிறேயைத் தவிர வேறு எதையும் தொடவிடாதீர்கள். துணியால் துடைத்தால் கம்பி அறுந்துவிடும்.

சில சிறிய கார்களில் இந்தச் சென்சரே கிடையாது, காற்றழுத்தத்தை அளக்கும் வேறொரு சென்சர் இருக்கும். அவற்றுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

கழுவும் பில்டரை எப்படிக் கழுவ வேண்டும்?

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. சேவிஸ் நிலையத்தில் ஒப்படைக்காமல் நீங்களே செய்யுங்கள். அங்கே வண்டியின் அடிப்பகுதியைக் கழுவும் அழுத்தக் குழாயை அப்படியே பில்டர் மீதும் திருப்பிவிடுவார்கள். பருத்தி இழைகள் விலகி ஓட்டையாகிவிடும்.

முதலில் மடிப்புகளில் தளர்வாக இருக்கும் தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு பில்டர் நிறுவனத்தின் கழுவும் திரவத்தை இரண்டு பக்கமும் தெளித்துச் சுமார் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அது பில்டரிலேயே காய்ந்துவிடக் கூடாது. அடுத்து சாதாரணக் குழாய் நீரை, எஞ்சின் பக்கமாக இருந்த சுத்தமான பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி மெதுவாக ஓடவிடுங்கள். மாறி ஓடவிட்டால் வெளியே இருந்த அழுக்கை உள்ளே தள்ளியதாக ஆகும். பெற்றோல், மண்ணெண்ணெய், துணி துவைக்கும் தூள் எதுவும் வேண்டாம். அவை பருத்தியையும் இறப்பர் ஓரத்தையும் கெடுத்துவிடும்.

பிறகு காயவைக்க வேண்டும். கொழும்பின் பெரிய தடங்கல் இங்கேதான் வருகிறது. கலிபோர்னியாவின் வறண்ட காற்றில் சில மணித்தியாலங்களில் காயும் பில்டர், ஜூன் மாத மழையில் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் பல்கனியில் ஒரு முழு நாளிலும் காயாது. அவசரப்பட்டு ஹெயார் டிரையரையோ கம்பிரஷர் காற்றையோ பிடிக்கக் கூடாது, சூட்டில் துணி சுருங்கி ஓரத்தில் இடைவெளி விழும், கம்பிரஷரின் அழுத்தத்தில் இழைகள் விலகும். ஈரத்தோடு எண்ணெய் பூசினால் ஒட்டாது. பில்டர் இல்லாமல் ‘அலுவலகம் வரைக்கும்தானே’ என்று ஓட்டுவதும் கூடாது. ஆகவே கழுவும் பில்டர் வைத்திருப்பவர் மாற்றுக்கு இன்னொரு பில்டரும் வைத்திருக்க வேண்டும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

நன்றாகக் காய்ந்த பிறகு, அதற்கென்றே வரும் எண்ணெயை ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரு கோடாக இடுங்கள். பல நிறுவனங்களின் எண்ணெய் சிவப்பாக இருப்பது வசதிக்காக. இருபது நிமிடத்தில் அது துணிக்குள் ஊறிப் பரவும். வெளுப்பாகத் தெரியும் இடங்களுக்கு மட்டும் இன்னும் சிறிது தொட்டுவிடுங்கள். துணி முழுவதும் ஒரே சீரான வெளிர் சிவப்பாகத் தெரிய வேண்டும், எங்கும் குட்டையாகத் தேங்கி நிற்கக் கூடாது. பிறகு ஒரு பழைய பத்திரிகைத் தாளின் மேல் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் தாளில் எண்ணெய் வட்டம் விழுந்திருந்தால் அளவு கூடிவிட்டது. அந்த எண்ணெயைத் தாள் குடித்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் சென்சர் குடித்திருக்கும்.

எஞ்சின் ஒயில், தையல் இயந்திர எண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் மாற்றாகாது. காற்றின் இழுப்பில் அவை வழிந்துவிடும் அல்லது காய்ந்துவிடும்.

கடதாசி பில்டரை கம்பிரஷரால் ஊதிப் போட்டால் புதிது போல் ஆகிவிடாதா?

ஆகாது. கொழும்பில் அநேகமாக எல்லா சேவிஸ் நிலையங்களிலும் நடக்கும் தவறு இது. “பில்டர் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணா, ஊதிப் போட்டுவிட்டேன்” என்று அன்போடுதான் சொல்வார்கள். உங்களுக்குப் பணம் மிச்சப்படுத்தித் தருவதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் நெருக்கிப் பிடித்த காற்று கடதாசி இழைகளைப் பிளக்கும், மடிப்பின் ஓரத்தில் பசை விடும். ஊதும்போது பறப்பது மேலே கிடக்கும் பெரிய தூசிதான், நுண்தூசி இழைக்குள்ளேயே இருக்கும். முன்பு சொன்ன, வடிகட்டலுக்கு உதவிய தூசிப் படையும் போய்விடும். சில வாகனங்களின் கையேடு, சுத்தமான பக்கத்திலிருந்து மெல்லிய காற்றால் ஊதலாம் என்று அனுமதிக்கிறது. அந்த அனுமதி, ரயருக்குக் காற்றடிக்கும் குழாயின் வாயை மடிப்பில் வைத்து அழுத்துவதற்கு அல்ல.

பில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பில்டரைக் கழற்றி, பெட்டியின் உள்ளே எஞ்சினுக்குப் போகும் பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். அந்தப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறமோ பழுப்போ ஏறினால், தூசி பில்டரைத் தாண்டியிருக்கிறது. பெட்டியின் விளிம்பை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் மெல்லிய கோடாகத் தூசி படிந்திருந்தால் கடதாசி குற்றமற்றது, இறப்பர் ஓரம் அந்த இடத்தில் சரியாக உட்காரவில்லை. மூடியின் கிளிப் ஒன்று உடைந்திருக்கும், அல்லது பில்டர் கோணலாகப் போடப்பட்டிருக்கும். உலகத்தின் மிகச் சிறந்த பில்டரும் அந்த இடைவெளிக்கு முன்னால் செய்ய ஒன்றுமில்லை. பருத்தியா கடதாசியா என்ற விவாதத்தைவிட இந்த வெள்ளைத் துணிதான் உங்கள் எஞ்சினைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பல ஜப்பானியக் கார்களின் கையேடுகள் சாதாரண ஓட்டத்துக்கு 40,000 முதல் 50,000 கிலோமீற்றர் வரை சொல்கின்றன, தூசி நிறைந்த பாதை என்றால் அதைவிட மிக அடிக்கடி. கொழும்பு நெரிசலில் கிலோமீற்றரை மட்டும் நம்ப முடியாது. சந்தியில் நின்றபடி ஓடும் எஞ்சினும் காற்று இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மீற்றர் ஓடாது, பில்டர் நிறையும். ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள், 20,000 கிலோமீற்றரில் மாற்றிவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். அதைவிட அடிக்கடி திறப்பதும் நல்லதல்ல, ஒவ்வொரு தடவையும் ஓரம் சற்று நெகிழும்.

மேற்பரப்பு கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. மடிப்புகளுக்கிடையே தூசி நிரம்பியிருந்தாலோ, எண்ணெய் அல்லது நீர்க்கறை தெரிந்தாலோ, இறப்பர் ஓரம் கல்லாக இறுகியிருந்தாலோ உடனே மாற்றுங்கள்.

கணக்குப் பார்த்தால் கழுவும் பில்டர்தானே மலிவு? வாழ்நாள் முழுதும் வரும் என்கிறார்களே.

பில்டரின் விலையோடு கழுவும் திரவம், எண்ணெய், மாற்றுப் பில்டர் மூன்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகையை உங்கள் காருக்கான நல்ல கடதாசி பில்டரின் விலையால் வகுங்கள். எத்தனை வருகிறதோ அத்தனை தடவை கடதாசி மாற்றலாம். வருடத்துக்கு ஒன்று மாற்றினாலும், அத்தனை வருடங்கள் இந்தக் காரை வைத்திருப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதால் இங்கே தொகை எழுதவில்லை. பஞ்சிகாவத்தையில் இரண்டு கடை ஏறி இறங்கினால் உங்கள் வண்டிக்கான கணக்கு கிடைத்துவிடும். வருடத்துக்குப் பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அது கழுவும் பில்டர் பக்கம் சாயலாம், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சாயாது.

போலி பில்டரை எப்படி அடையாளம் காண்பது?

பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம், பெட்டியைத்தான் முதலில் நகல் எடுக்கிறார்கள். பில்டரைக் கையில் எடுங்கள். மடிப்புகள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். விரலால் தள்ளினால் ஒன்றன்மேல் ஒன்று சரியக் கூடாது. ஓரத்து இறப்பரை அழுத்திவிட்டால் மெதுவாகப் பழைய நிலைக்கு வர வேண்டும். மூலைகளில் பசை விடுபட்டிருக்கிறதா என்று வெயிலுக்குப் பிடித்துப் பாருங்கள், ஊசி முனை அளவு வெளிச்சம் நேராக வந்தாலும் வாங்காதீர்கள். பழைய பில்டரைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மடிப்பு குறைந்தால் கடதாசியின் பரப்பும் குறைகிறது.

முச்சக்கர வண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் இதே விதிதானா?

சில மோட்டார் சைக்கிள்களில் எண்ணெய் தோய்ந்த ஸ்பஞ்ச் பில்டர் வரும். அது நிறுவனமே கழுவச் சொல்லித் தருவது, கழுவி எண்ணெய் போடத்தான் வேண்டும். பல ஸ்கூட்டர்களில் வருவது எண்ணெய் ஏற்றிய கடதாசி. தொட்டால் ஈரப்பசை தெரியும், பார்வைக்கு அழுக்காகவே இருக்கும். அதைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது, காலம் வந்ததும் மாற்ற மட்டும் வேண்டும். இது தெரியாமல் பெற்றோலில் கழுவிக் காயவைத்துப் போடுகிறவர்கள் அதிகம்.

முச்சக்கர வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாள் முழுக்க பஸ்ஸின் பின்னால், நிலத்துக்கு அருகில், புழுதிக்குள்ளேயே ஓடும் தொழில் உங்களுடையது. காருக்குச் சொன்ன கிலோமீற்றர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. காபுரேற்றர் வண்டி என்றால் பில்டர் அடைப்பது பெற்றோல் செலவிலும் தெரியும். பில்டருக்குச் செலவழிப்பது எஞ்சின் பிரிக்கும் செலவில் ஒரு தூசுக்குச் சமம்.

டீசல் வானுக்கு?

கடதாசியேதான், இன்னும் கண்டிப்பாக. டீசல் எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கிறது. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டேர்போ இருந்தால் அதன் விசிறி நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும், அந்த வேகத்தில் மோதும் மணல் விசிறியின் ஓரத்தை அரித்துவிடும். பழைய டீசல் வான்களில் பில்டர் அடைத்தால் கரும்புகை வரும், ஏனென்றால் காற்று குறைந்தாலும் பம்ப் டீசலைக் குறைப்பதில்லை. புகைப் பரிசோதனைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான். சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ பில்டர் போடலாமா?

வேண்டாம். பெட்டி வெளிக்காற்றை இழுத்துத் தருகிறது. திறந்த கூம்பு எஞ்சின் அறையின் சூடான காற்றை இழுக்கும். காற்று 3 பாகை செல்சியஸ் சூடானாலே அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். பணம் கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொள்வதில் என்ன பயன்?

ஏசி பில்டரும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஏசி பில்டர் நீங்கள் மூச்சுவிடும் காற்றுக்கு, பெரும்பாலும் டேஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். ஹைபிரிட் கார்கள் பலவற்றில் பின் இருக்கைப் பக்கம் மின்கலத்தைக் குளிரவைக்கும் காற்றுவழியும் உண்டு. அதையும் தூசியில்லாமல் வைத்திருங்கள். அதன்மேல் பையோ துணியோ வைக்காதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் பில்டரைக் காயவைத்துப் போடலாமா?

2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளோடு வாகனங்களும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் வடிந்ததும் பலர் செய்யும் முதல் வேலை சாவியைத் திருகிப் பார்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் பில்டர் பெட்டியைத் திறவுங்கள். கடதாசி ஈரமாக இருந்தாலோ, பெட்டிக்குள் சேற்றுக்கோடு தெரிந்தாலோ, தண்ணீர் சிலிண்டர் வரை போயிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்து எஞ்சின் முடிந்துவிடும். வண்டியை இழுத்துச் சென்று, பிளக் கழற்றி, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதெல்லாம். நனைந்த கடதாசி பில்டரைத் தூக்கி எறியுங்கள். பருத்தி பில்டரானால் சேறு போகக் கழுவி, முழுதாகக் காயவைத்து, எண்ணெய் பூசி மீண்டும் போடலாம். அந்த ஒரு விடயத்தில் அதற்கு அனுகூலம் இருக்கிறது.

அப்படியானால் கழுவும் பில்டர் யாருக்குத்தான் பொருந்தும்?

பந்தயம் ஓடுகிறவருக்கு. எஞ்சினை மேம்படுத்தி, காற்று உண்மையிலேயே போதாமல் இருப்பவருக்கு. தன் வண்டிக்குக் கடதாசி பில்டர் இங்கே கிடைக்காமல் ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பவருக்கு, கிடைக்காத காலத்தில் பில்டரே இல்லாமல் ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். இவர்களும் தாமே கழுவி எண்ணெய் பூசும் பழக்கமுள்ளவர்களாக இருக்க வேண்டும். எண்ணெய் தேவைப்படாத, செயற்கை இழையால் ஆன கழுவும் பில்டர்களும் சந்தையில் உண்டு. சென்சர் பற்றிய பயம் அவற்றில் இல்லை. எவ்வளவு தூசியைத் தப்பவிடுகிறது என்ற கேள்வியை மட்டும் அவற்றிடமும் கேளுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் வருகிறோம். வந்ததும் பில்டர் மாற்ற வேண்டுமா?

ஏ9 போன்ற பிரதான வீதிகளில் மட்டும் போய் வந்தால் தேவையில்லை, தார் வீதியில் ஓடும் தூரம் பில்டருக்குப் பெரிய பாரமல்ல. ஓகஸ்ட் வெயிலில் கிராமத்து மண் பாதைகளில் உறவினர் வீடு, காணி, கோயில் என்று பல நாள் சுற்றியிருந்தால், திரும்பிய வாரமே திறந்து பாருங்கள். செம்மண் தூசி எளிதில் கண்ணில் படும். முன்னால் போகும் வண்டியின் புழுதிக்குள் ஓட்டாமல் சற்றுப் பின்தங்கி ஓட்டினால் தூசி குறையும். பருத்தி பில்டர் போட்டிருப்பவர்கள் புறப்படும் முன் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அந்தப் பயணத்துக்கு ஒரு புதிய கடதாசி பில்டரைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.